இறக்கத்தில் லொறியைப் பிடித்து வைப்பது எது?
எக்ஸோஸ்ட் பிரேக் பற்றித் தெரிந்துகொள்வோம்



கொழுந்து ஏற்றிய லொறி இறக்கத்தில் போகும்போது, அடிப்பக்கம் ‘புஸ்...’ என்று ஒரு சத்தம் வருவதைக் கேட்டிருப்பீர்கள். “லொறிக்குச் சளி புடிச்சிருக்கு” என்று சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அது சளியும் இல்லை, கோளாறும் இல்லை. எக்ஸோஸ்ட் பிரேக் வேலை செய்யும் சத்தம்தான் அது.

நமது தோட்டங்களில் எத்தனையோ பிள்ளைகள் இன்று சாரதி வேலைக்குப் போகிறார்கள். சில குடும்பங்கள் நகையை அடகு வைத்து, லீசிங் போட்டு, பழைய டீசல் லொறி ஒன்றை வாங்கி மரக்கறி ஏற்றுகிறார்கள். வாங்கப் போகும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? பெயின்ட் நல்லா இருக்கா, டயர் புதுசா, என்ஜின் புகை அடிக்குதா என்று பார்க்கிறோம். ‘நிறையப் பாரத்தோடு இறக்கத்தில் இது நிற்குமா?’ என்று கேட்பவர்கள் குறைவு. லொறி ஏற்றத்தில் நின்றுபோனால் நேரம்தான் போகும். இறக்கத்தில் நிற்காமல் போனால் உயிர் போகும்.

ஆகவே எக்ஸோஸ்ட் பிரேக் என்றால் என்ன, அதை எப்படித் தெரிவு செய்வது, எப்படிப் பாவிப்பது என்பதை இங்கே விளக்குகிறோம். முதலில் ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸோஸ்ட் பிரேக் லொறியை நிறுத்துவதற்கு அல்ல. நிறுத்த வேண்டிய நேரத்தில் சில்லுப் பிரேக் சூடேறாமல் தயாராக இருப்பதற்குத்தான் அது.

இறக்கம் என்றால் சூடு

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி ஏறக்குறைய 500 மீற்றர். நுவரெலியாவில் கரட்டும் லீக்சும் ஏற்றிக்கொண்டு றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் லொறி, 1000 மீற்றருக்கு மேல் கீழே வருகிறது.

மேலே இருக்கும் பாரம் கீழே வரும்போது அதன் சக்தி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். வேகமாகப் போகாவிட்டால் அது சூடாக மாறும். கணக்குப் பார்த்தால், பாரத்தோடு சேர்த்து 7 தொன் எடையுள்ள லொறி 1000 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளியாகும் சக்தி, 200 லீற்றர் பீப்பா நிறையப் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு பீப்பாத் தண்ணீரைக் கொதிக்க வைக்க எவ்வளவு விறகு வேண்டும் என்று வீட்டில் அடுப்பெரிப்பவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சூட்டில் ஒரு பங்கை காற்றும், டயரும், என்ஜினும் எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் சில்லுக்குள் இருக்கும் பிரேக் ட்ரம்முக்கும் லைனருக்கும்தான் போகிறது. சாரதி காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் என்ன நடக்கும்?

ட்ரம் சூட்டில் விரிந்து லைனரை விட்டு விலகும். லைனர் தீய்ந்து வழுக்கத் தொடங்கும். அந்த நாற்றம் வண்டிக்குள்ளேயே அடிக்கும். கடைசியில் பிரேக் ஒயிலும் கொதிக்கலாம். டொட் 3 வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் ஒயில். ஈரம் சேர்ந்த பிறகு 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிறையும். அப்போது பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி உள்ளே போகும். லொறி நிற்காது.

எயார் பிரேக் உள்ள பெரிய லொறிகளில் ஒயில் கொதிக்கும் பேச்சு இல்லை. ஆனால் ட்ரம் விரிவதும் லைனர் தீய்வதும் அவற்றுக்கும் உண்டு.

டீசல் என்ஜினில் உள்ள ஒரு குறை

“கியர்ல போட்டு இறக்கினா என்ஜினே புடிச்சிக்குமே?” என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் பெற்றோல் என்ஜின் பிடிக்கிற அளவுக்கு டீசல் என்ஜின் பிடிக்காது.

பெற்றோல் என்ஜினில் எக்ஸிலேட்டரை விட்டவுடன் காற்று உள்ளே போகும் வழி அடைபடும். பிஸ்டன்கள் மூச்சு விட முடியாமல் திணறும். அந்தத் திணறல் வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. டீசல் என்ஜினில் பொதுவாக அந்த அடைப்பு இல்லை. எக்ஸிலேட்டரை விட்டால் டீசல் வருவது மட்டும்தான் நிற்கும், காற்று தாராளமாக உள்ளே போய் வெளியே வரும். அதனால்தான் பாரமான டீசல் வண்டிக்கு இன்னொரு உதவி தேவைப்படுகிறது.

எக்ஸோஸ்ட் பிரேக் எப்படி வேலை செய்கிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்து, காற்று வரும் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிடியை அமத்திப் பாருங்கள். கை முன்னே போகாது, உள்ளே இருக்கும் காற்று எதிர்த்துத் தள்ளும். எக்ஸோஸ்ட் பிரேக்கும் அதேதான்.

என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் புகைக்குழாயில், வட்டமான ஒரு தட்டு பொருத்தப்பட்டிருக்கும். சாதாரணமாக அது புகை போகும் திசையிலேயே திரும்பி நிற்கும். சாரதி ஸ்டியரிங் பக்கத்தில் உள்ள கம்பியை இழுத்தால் தட்டு குறுக்கே திரும்பி வழியை அடைக்கும். வெளியே போக முடியாத காற்று குழாயில் நெருக்குகிறது. அதை எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் பிஸ்டன்கள் மெதுவாகின்றன. பிஸ்டனோடு கியர்பெட்டியும், கியர்பெட்டியோடு பின் சில்லும் சேர்ந்திருக்கிறபடியால் லொறியும் மெதுவாகிறது. ட்ரம்மும் லைனரும் அதுவரை சும்மா இருக்கின்றன.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் விளங்கும்.

1. கிளச்சை மிதித்தாலோ நியூட்ரலில் போட்டாலோ எக்ஸோஸ்ட் பிரேக் உதவாது. என்ஜினுக்கும் சில்லுக்கும் தொடர்பு அறுந்துவிடும்.

2. என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் பிடிப்பு அதிகம். ஆகவே சின்னக் கியர் வேண்டும். டொப் கியரில் போட்டு சுவிட்சை மட்டும் இழுத்தால் பெரிய பலன் இல்லை. அதற்காக மீற்றரில் சிவப்புக் கோட்டைத் தாண்டவும் விடக்கூடாது.

3. லொறியை முழுதாக நிறுத்த இதனால் முடியாது. கடைசியில் நிறுத்துவது கால் பிரேக்தான்.

ஒரு பழைய கதை

இறக்கத்தில் பிரேக் போவது நமது மலைக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. அமெரிக்காவில் டீசல் என்ஜின் செய்த கிளெஸி கம்மின்ஸ் என்பவர், 1931ஆம் ஆண்டு தமது என்ஜின் பூட்டிய லொறியில் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் போனார். கலிபோர்னியாவில் கஹோன் கணவாய் இறக்கத்தில் லொறியின் பிரேக் பிடிக்கவில்லை. கீழே ரயில் பாதையில் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. மயிரிழையில் தப்பினார்கள். என்ஜினையே பிரேக்காக மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 30 வருடம் கழித்து, 1961இல் அவர் யோசித்த என்ஜின் பிரேக் ஜேக்கப்ஸ் கம்பனி மூலம் விற்பனைக்கு வந்தது.

அந்த வகை பிரேக் என்ஜினுக்குள்ளேயே வால்வைத் திறந்து, அமுக்கிய காற்றை வெளியே விட்டுவிடும். எக்ஸோஸ்ட் பிரேக்கை விட அதற்குப் பலம் அதிகம். மிகப் பெரிய டிரெயிலர் இழுக்கும் லொறிகளுக்கு அது ஏற்றது. சில பெரிய பஸ்களில் ரிட்டாடர் என்ற கருவி கியர்பெட்டியோடு இருக்கும். நமது பக்கம் மரக்கறியும் கொழுந்தும் ஏற்றும் கென்டர், எல்ஃப் போன்ற லொறிகளுக்குப் பழக்கமானது எக்ஸோஸ்ட் பிரேக்தான். பலவற்றில் கம்பனியிலேயே பூட்டி வருகிறது.

தெரிவு செய்யும்போது கேட்க வேண்டியவை

லொறியில் ஏற்கெனவே கம்பனி பூட்டிய பிரேக் இருந்தால் அதைத் திருத்திப் பாவிப்பதே முதல் வழி. யாராவது முன்பு கழற்றி வைத்திருந்தால், அல்லது புதிதாகப் பூட்ட வேண்டியிருந்தால், கராஜ் பாஸிடம் கீழுள்ளவற்றைக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

1. இது எந்த என்ஜினுக்குச் செய்தது? இதுதான் முதல் கேள்வி. ஒவ்வொரு என்ஜினும் புகைக்குழாயில் இவ்வளவு அழுத்தம்தான் தாங்கும் என்று செய்த கம்பனி எல்லை வைத்திருக்கிறது. அதை மீறினால் எக்ஸோஸ்ட் வால்வின் ஸ்பிரிங் தாங்காமல் வால்வு தானாகத் திறக்கும். அது பிஸ்டனில் அடித்தால் என்ஜின் போச்சு. “எதுக்கும் பொருந்தும், மலிவா தாறேன்” என்று சொன்னால் வேண்டாம்.

2. தட்டில் ஓட்டை மட்டுமா, ஸ்பிரிங்கும் உண்டா? சாதாரண வகையில், அழுத்தம் எல்லை மீறாமலிருக்கத் தட்டில் ஓர் ஓட்டை இருக்கும். என்ஜின் வேகமாகச் சுற்றும்போது நன்றாகப் பிடிக்கும், மெதுவாகச் சுற்றும்போது பிடிப்புக் குறையும். ஸ்பிரிங் வகை, அழுத்தம் எல்லைக்கு வந்த பிறகுதான் திறந்து கொடுக்கும். ஆகவே மெதுவான வேகத்திலும் பிடிக்கும். விலை கூட. நாள் முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகளில் ஓடும் லொறிக்கு இது நல்லது.

3. தட்டை இழுப்பது எது? வெக்கியூமா, எயாரா, கரண்டா? உங்கள் லொறியில் ஏற்கெனவே உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். எயார் பிரேக் உள்ள லொறிக்கு எயார். சின்ன ஜப்பான் லொறிகளுக்கு அனேகமாக வெக்கியூம்.

4. கிளச்சிலும் எக்ஸிலேட்டரிலும் சுவிட்ச் இருக்கிறதா? இரண்டில் எதை மிதித்தாலும் எக்ஸோஸ்ட் பிரேக் தானாக விட வேண்டும். விடாவிட்டால் என்ஜின் நின்றுபோகலாம். என்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங்கும் கனக்கும், கால் பிரேக்கும் கனக்கும்.

5. புதிய வகை லொறியா? கம்பியூட்டர் மூலம் டீசல் செலுத்தும், புகை வடிகட்டி உள்ள லொறிகளில், குழாயில் உள்ள தட்டுக்கு வேறு வேலையும் இருக்கலாம். சிலவற்றில் டர்போவே பிரேக்காகவும் வேலை செய்யும். அப்படிப்பட்ட லொறியில் வெளியிலிருந்து இன்னொன்றைப் பூட்டாதீர்கள்.

பழைய லொறி வாங்கும்போது சோதிப்பது

விற்பவர் “எல்லாம் வேலை செய்யுது” என்பார். நம்புங்கள், ஆனால் ஓட்டிப் பாருங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத சமதரையில் மூன்றாம் கியரில் ஓட்டி, எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கம்பியை இழுக்க வேண்டும். யாரோ பின்னாலிருந்து கயிறு போட்டு இழுக்கிற மாதிரி லொறி அமர வேண்டும். கிளச்சை மிதித்தால் அந்த இழுவை விட வேண்டும். மறுபடி செய்து எக்ஸிலேட்டரைத் தொட்டால் அப்போதும் விட வேண்டும்.

ஒன்றுமே தெரியாவிட்டால் தட்டு கரி பிடித்து இறுகியிருக்கலாம், வெக்கியூம் குழாய் வெடித்திருக்கலாம், அல்லது உள்ளே தட்டே இல்லாமலிருக்கலாம். தட்டு பாதி மூடியபடி இறுகினாலும் தொல்லைதான். லொறி ஏற்றத்தில் இழுக்காது, கறுப்புப் புகை அடிக்கும், என்ஜின் சூடேறும். இப்படி இறுகாமல் இருக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒவ்வொரு நாளும் அதைப் பாவியுங்கள். சும்மா வைத்திருக்கும் தட்டில்தான் கரி இறுகும்.

பெட்டி இழுப்பவர்கள் கவனிக்க

ட்ரெக்டரில் டிரெயிலர் பெட்டி பூட்டிக் கொழுந்தும், உரமும், விறகும் இழுக்கும் தோட்டங்கள் பல. லொறியின் பின்னால் டிரெயிலர் பூட்டுபவர்களும் உண்டு. எக்ஸோஸ்ட் பிரேக் முன்னால் இழுக்கும் வண்டியை மட்டும்தான் பிடிக்கும், பின்னால் வரும் பெட்டியைப் பிடிக்காது. பாரமான பெட்டி இறக்கத்தில் முன் வண்டியை முட்டித் தள்ளும். வளைவில் தள்ளினால் வண்டியும் பெட்டியும் பேனாக்கத்தி மடிகிற மாதிரி மடிந்துவிடும். ஆகவே பெட்டிக்கு வேறு பிரேக் இருக்க வேண்டும், அது வேலை செய்ய வேண்டும். பாரத்தையும் குறைக்க வேண்டும்.

ட்ரெக்டரில் இடது, வலது என இரண்டு பிரேக் பெடல் இருக்கும். ரோட்டில் ஓட்டும்போது இரண்டையும் கொக்கி போட்டு இணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் ட்ரெக்டர் புரண்டுவிடும்.

சாரதித் தம்பிமார்களுக்கு

பல வருடம் மலையில் லொறி ஓட்டிய ஓர் அண்ணனிடம் இதைப் பற்றிக் கதைத்தோம். அவர் சொன்னார்: “ஏறுன கியர்லயே எறங்கணும் தம்பி. ரெண்டாம் கியர்ல ஏறுன எடத்துல மூணுல எறங்குனா ரோட்டுக்குக் கடன். எறக்கத்துக்கு முன்னுக்கே கியரை மாத்திறணும். எறங்க ஆரம்பிச்சப்புறம் கியரைத் தேடக் கூடாது.” இதைவிடச் சிறந்த பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இன்னும் சில:

• டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்காதீர்கள். கியரில் இறங்கும்போது எக்ஸிலேட்டரை விட்டால் டீசல் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க டீசல் எரிகிறது. மிச்சம் என்று நினைப்பது செலவு.

• கால் பிரேக்கைத் தொட்டபடியே இறங்காதீர்கள். தேவையான இடத்தில் நன்றாக அமத்தி, வேகத்தைக் குறைத்து, காலை எடுங்கள். லைனருக்கு ஆற நேரம் கிடைக்கும்.

• மழை பெய்து ரோடு வழுக்கும்போது, அதிலும் வெறும் லொறியில், எக்ஸோஸ்ட் பிரேக்கைக் கவனமாகப் பாவியுங்கள். அது பின் சில்லை மட்டும் பிடிப்பதால் வண்டியின் பின்பக்கம் இழுபட்டுப் போகலாம். அந்த நேரம் அதை விட்டு, மெதுவான வேகத்தில் போவதே நல்லது.

• பிரேக் நாற்றம் அடித்தால் சமமான இடம் பார்த்து நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும்.

• பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள்.

• பெடல் உள்ளே போனால் திரும்பத் திரும்ப மிதியுங்கள். எக்ஸோஸ்ட் பிரேக்கைப் போட்டு, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஹோர்னை விடாமல் அடியுங்கள். பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்க மண்மேட்டில் உரசி நிறுத்துவது உயிரைக் காக்கும்.

பின்னால் இருக்கும் நமக்கும் பொறுப்பு உண்டு

வேறு டிவிஷனுக்கு வேலைக்கு, திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு, சாவு வீட்டுக்கு என்று எத்தனை தடவை ஒரே வண்டியில் குடும்பமாக ஏறியிருக்கிறோம்! 2023 ஜனவரி 20ஆம் திகதி, நானுஓயா ராதல்ல குறுக்கு வீதி இறக்கத்தில் வந்த பஸ் ஒன்று, வானோடும் ஆட்டோவோடும் மோதியதில் 7 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி கேட்ட அன்று நமது லயங்களில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நாம் எல்லோரும் போய்வருகிற மாதிரியான இறக்கம் அது.

பிரேக்கைப் பற்றித் தெரியாத ஓர் அம்மாவுக்கும் காது இருக்கிறது. செங்குத்தான இறக்கத்தில் என்ஜின் இரைந்துகொண்டு, அப்பப்ப ‘புஸ்’ என்றால் சாரதி கியரில் பிடித்து இறங்குகிறார் என்று அர்த்தம். இறக்கத்தில் வேகம் கூடக்கூட, என்ஜின் சத்தம் மட்டும் அடங்கிப்போய் இருந்தால் வண்டி நியூட்ரலில் ஓடுகிறது. ரப்பர் கருகின மாதிரி நாற்றம் வந்தால் பிரேக் தீய்கிறது. அப்போது கூச்சப்படாமல் தட்டிச் சொல்லுங்கள்: “தம்பி, கியர்ல போட்டு மெதுவாப் போங்க. நேரம் போனாலும் பரவாயில்ல.” சாரதிக்குக் கோபம் வந்தாலும் வரட்டும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கோபம் ஆறிவிடும்.

லொறி வாங்க யோசிக்கும் குடும்பங்களுக்கு நாம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பாட்டு செட்டுக்கும் முன்கண்ணாடி அலங்காரத்துக்கும் வைத்திருக்கும் காசை முதலில் எக்ஸோஸ்ட் பிரேக்கைத் திருத்துவதற்கு எடுத்து வையுங்கள். அதைத் திருத்திய பிறகும், சின்னக் கியரையும் மெதுவான வேகத்தையும் மறக்காதீர்கள். மூன்றும் சேர்ந்தால்தான் அவசரத்தில் மிதிக்கும் கால் பிரேக் பிடிக்கும்.

இந்தப் பக்கத்தை வெட்டி, உங்கள் வீட்டுச் சாரதியின் கையில் கொடுங்கள். வாசிக்க நேரமில்லை என்றால், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.